கல்லில் ஏறிய ஐந்து சொற்கள்

"கின்தானசேக்கா வாழ் பெருமக்களே! ஸ்பெயின் நாட்டின் வரலாற்றில் இதுவரை எந்த ஊரும் துணியாத மாபெரும் முடிவு ஒன்றை எடுக்கும் நாள் நெருங்கிவிட்டது. நம் முன்னோர் குன்றைக் குடைந்து ஒயின் வைத்த இடத்துக்கு என்ன பெயர் என்பதை, வருகிற வெள்ளிக்கிழமை மாலை பழைய பள்ளிக்கூடத்தில் கூடி, என்றென்றைக்குமாக முடிவு செய்ய இருக்கிறோம். அனைவரும் திரண்டு வருக. வருகிறவர்கள் நாற்காலி கொண்டு வருக."

ஊராட்சிக் கட்டடத்து ஒலிபெருக்கி இதை முழங்கி முடித்துவிட்டு, மீன் வண்டி சதுக்கத்தில் நிற்கிறது, மத்தி மீன் மட்டும்தான் மிச்சம் என்பதையும் அதே குரலில் அறிவித்தது.

காசில்தா அப்போது வீட்டு முற்றத்தில் குனிந்து நின்று தலையிலிருந்து மண்ணை உதறிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து மூன்றாம் தடவை. குன்றுக்குள் இருக்கும் தன் நிலவறைக்குப் போகும்போதெல்லாம் இதே கதைதான். (நிலவறை என்றே சொல்லிவைப்போம். பெயர்ச் சண்டை நடக்கும் ஊரில் நமக்கெதற்கு வம்பு?) வளைந்த மண் கூரையில் ஜூன் மாதம் ஒரு விரிசல் விட்டது. முதலில் முடி போல இருந்தது. இப்போது விரல் போகிறது. கீழே வரிசையாகப் படுத்திருக்கும் ஓக் பீப்பாய்களின் முதுகில் மண் தூறிக்கொண்டே இருக்கிறது.

காரணம் அவளுக்கு நன்றாகத் தெரியும். காரணத்தின் நிறம்கூடத் தெரியும்: சென்ற ஞாயிற்றுக்கிழமை அது வெள்ளை. அதற்கு முந்தைய ஞாயிறு சிவப்பு. மாட்ரிடிலும் பில்பாவோவிலும் பிழைக்கப் போனவர்கள் கோடையில் ஊர் திரும்பினால், வீட்டுக்குப் போகிறார்களோ இல்லையோ, காரைக் குன்றின் உச்சிக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கே நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, காரைவிட்டு இறங்காமலே சூரியன் மறைவதைப் பார்ப்பார்கள். அவர்கள் பார்க்கும் சூரியனுக்கு நேர் கீழே காசில்தாவின் பீப்பாய்கள்.

கின்தானசேக்காவில் குன்றின் வயிறு அவரவருக்குச் சொந்தம். முதுகு ஊருக்குச் சொந்தம். மேலே ஒரு முள்ளைப் பிடுங்குவதென்றாலும் ஊர்க்கூட்டம் கையைத் தூக்க வேண்டும். காசில்தாவுக்கு வேண்டியது ஒரே ஒரு சங்கிலி. உச்சிக்குப் போகும் பாதையின் குறுக்கே இரண்டு கம்பத்தை நட்டு, நடுவே ஒரு சங்கிலி. அவ்வளவுதான். அவள் பக்கத்து நகரமான அரண்டாவில் கார் ஓட்டும் பள்ளி நடத்துகிறவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தபடி பிறர் செய்யும் முட்டாள்தனத்தைத் தன் காலால் நிறுத்துவதுதான் அவள் தொழில். இந்த ஊரில் மட்டும் அவள் காலுக்கடியில் பிரேக் இல்லை.

"வெள்ளிக்கிழமை கூட்டத்துல சங்கிலிய வாங்காம வர மாட்டேன்," என்றாள் கணவனிடம்.

"விடு," என்றான் எலாதியோ. அவன் எதற்கும் அப்படித்தான் சொல்வான். கல்யாணத்தின்போது பாதிரியார் கேட்ட கேள்விக்கும் ஏறக்குறைய அதையேதான் சொன்னான்.

*

கூட்டத்துக்குத் தலைமை தோன் லெயாந்த்ரோ. வய்யதோலித் நகரத்தில் நாற்பது வருடம் பத்திரப் பதிவு பார்த்துவிட்டு, ஓய்வு பெற்று ஊர் திரும்பி, 'குன்றின் நண்பர்கள் சங்கம்' ஒன்றை நிறுவித் தன்னையே தலைவராக ஏற்றுக்கொண்டவர். அவர் தொண்டையைக் கனைத்தால் முன்வரிசை தானாக நிமிர்ந்து உட்காரும். விஷயம் இதுதான்: குன்றின் பெருமையைச் சொல்ல மாகாண அரசு ஒரு கல் தருகிறது. கல்லில் பொறிக்க ஒரே ஒரு சொல் வேண்டும்.

"பொதேகான்னு போட்டு முடிங்க," என்றார் மேயர் திர்சோ. ஐந்நூறு ஆடுகளுக்கும் எண்பது வாக்காளர்களுக்கும் அதிபதி. இதில் ஆடுகள்தான் சொன்ன பேச்சைக் கேட்கும். "ரோட்டுல இருக்கிற பலகையெல்லாம் பொதேகாதான். சின்னக் குழந்தைக்குக்கூட புரியும்."

தோன் லெயாந்த்ரோ கண்ணை மூடித் திறந்தார். "மேயர் அவர்களே, பொதேகாங்கிறது ரொம்பப் பொதுவான சொல். கப்பலோட அடித்தட்டும் பொதேகாதான். கடலுக்கு அந்தப் பக்கம் அமெரிக்கக் கண்டத்துல மூலைக்கு மூலை இருக்கிற மளிகைக் கடையும் பொதேகாதான். சோப்பு விக்கிற இடமும் நம்ம முன்னோர் குடைஞ்ச இடமும் ஒண்ணா?"

"எங்க பொதேகால சோப்பும் கிடக்கு தோன் லெயாந்த்ரோ," என்றது பின்வரிசை.

மருந்துக்கடை நியேவெஸ் எழுந்தாள். அவள் ரியோஹா பக்கத்துப் பெண். இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபது வருடமாகியும் ரியோஹாவிலிருந்து கிளம்பாதவள். "எங்க ஊர்ப் பக்கம் வீடுகளுக்கு அடியில சுரங்கம் சுரங்கமா ஓடும். அதுக்குக் கலாதோன்னு பேரு. அழகான சொல்லு. ஒயின் விஷயத்துல ரியோஹாவ விட யாருக்குங்க தெரியப்போகுது?"

ஒயினில் ரியோஹாவோடு பரம்பரைப் போட்டியுள்ள துவேரோ ஆற்றங்கரை ஊரொன்றில், உட்கார நாற்காலியும் கையில் நேரமும் உள்ள ஜனங்கள் நடுவில், சொல்லக்கூடாத வாக்கியம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

"அப்போ அங்கயே போய்க் குடிம்மா!"

"உங்க ரியோஹா ஒயின எங்க ஊர்ல சாலட்டுல ஊத்துவாங்க!"

"ஊத்துங்க, ஊத்துங்க. மறுநாள் வயித்த வலிக்குதுன்னு எங்கிட்டதானே மாத்திரைக்கு வந்து நிப்பீங்க!"

அபுந்தியோ கையை உயர்த்தினார். முப்பது வருடம் பார்சிலோனாவில் கார் தொழிற்சாலையில் கதவு மாட்டியவர். "அங்க இதுக்குக் காவான்னு சொல்லுவாங்க. சொல்லும்போதே ஒரு கௌரவம் இருக்கும்."

"யோவ், அது பொங்குற ஒயினுய்யா," என்றார் திர்சோ. "கிறிஸ்துமஸுக்குக் கார்க்கு பறந்து விளக்க உடைக்குமே, அது."

"ஒயினுக்கும் அதான் பேரு, ஒயின் வைக்கிற இடத்துக்கும் அதான் பேரு. நான் முப்பது வருஷம் அங்க இருந்தவன். நீ போனது ஒரே ஒரு தடவ, அதுவும் மூலத்துக்கு."

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து காசில்தா கையைத் தூக்கினாள். "தலைவரே, அந்தச் சங்கிலி விஷயம்..."

"நிகழ்ச்சி நிரலில் அது ஐந்தாவது பொருள், காசில்தா. நாம் மூன்றில் இருக்கிறோம்."

"மூணு முடியறதுக்குள்ள கூரை விழுந்துடும்."

"ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது," என்றார் தோன் லெயாந்த்ரோ. பிறகு கோட்டுப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, சபையை ஒரு முறை சுற்றிப் பார்த்து, பிறந்த குழந்தையைத் தூக்கிக் காட்டுகிறவரைப்போல மெதுவாகச் சொன்னார்: "கந்தியோதேரா."

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

"அது எந்த ஊரு?" என்றார் அபுந்தியோ.

"ஊர் அல்ல. சொல். ஒயின் பீப்பாய்களை வைத்துக் காக்கிற நிலவறை என்று பொருள். அகராதியில் இருக்கிறது."

"யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?"

"யாரும் சொன்னதில்லை. அதனால்தான் அது இன்னும் கெடாமல் இருக்கிறது."

அன்று எதுவும் முடிவாகவில்லை. வெளியே திராட்சைக் குச்சிகளைக் கொளுத்தி ஆட்டு விலா எலும்புகளை வாட்டும் மணம் ஜன்னல் வழியாக வந்ததும், கருத்து வேற்றுமை ஒன்றுமில்லாமல் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். மூன்றாவது பொருள் ஒத்திவைக்கப்பட்டது. நான்கும் ஐந்தும் அதற்குப் பின்னால் வரிசையில் நின்றன.

மறுநாள் காசில்தாவிடம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த பல் மருத்துவர் ஒருவர் சிவப்பு விளக்கைப் பார்க்காமல் போனார். அவள் மிதித்த மிதியில் அவருடைய மூக்குக் கண்ணாடி முன்கண்ணாடியில் போய் மோதியது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவரிடம், "நீங்க பரவால்ல," என்றாள் காசில்தா. "நீங்க நின்னீங்க."

*

இரண்டாவது கூட்டத்துக்குள் ஊர் நாலாகப் பிளந்திருந்தது. நியேவெஸின் கடையில் அபுந்தியோ மாத்திரை வாங்குவதில்லை. இரத்த அழுத்தத்தோடு பஸ் ஏறி அரண்டா வரைக்கும் போனார். மதுக்கடையில் பொதேகாக்காரர்கள் ஜன்னலோரம், காவாக்காரர் தனியாகக் கழிப்பறையோரம். தோன் லெயாந்த்ரோ யாரைப் பார்த்தாலும் கந்தியோதேராவின் வேர் கிரேக்க நாட்டுக் கிரீட் தீவு வரை ஓடுவதைச் சொல்லத் தொடங்கிவிடுவார் என்பதால், அவர் வருகிற தெருவில் நாய்கூட எதிரே வருவதில்லை.

இதையெல்லாம் விடப் பெரிய அதிசயம் ஒன்று காசில்தாவின் கண்ணில் மட்டும் பட்டுக்கொண்டே இருந்தது. இவ்வளவு சண்டை போடுகிற இவர்களில் ஒருவர் நிலவறையிலும் ஒரு சொட்டு ஒயின் கிடையாது. திராட்சையை அறுத்ததும் டிராக்டரில் ஏற்றிக் கூட்டுறவு ஆலைக்கு அனுப்பிவிட்டு, குடிக்க வேண்டுமென்றால் கடையில் வாங்குகிறவர்கள். சனிக்கிழமைகளில் மிதித்து, வடித்து, பீப்பாயில் ஊற்றி, குளிர்காலம் முழுக்க அதன் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடப்பது இந்த ஊரில் அவளும் எலாதியோவும் மட்டும்தான். எலாதியோ தினமும் மாலையில் போய்ப் பீப்பாயைத் தட்டிப் பார்த்துவிட்டு வருவான். அவன் 'விடு' என்று சொல்லாத ஒரே விஷயம் அது.

கூட்டத்தில் திர்சோ மேயருக்குரிய தீர்ப்பை வழங்கினார். "நாலையும் போட்டுடலாம். ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு. யாருக்கும் வருத்தம் வேணாம்."

"கல் முழங்கால் உயரம்தானே தருகிறார்கள்?" என்றார் தோன் லெயாந்த்ரோ. "சாலையிலிருந்து பார்த்தால் படிக்கும்படி எழுத்து பெரிதாக இருக்க வேண்டாமா?"

"பெரிய கல்லா கேப்போம். மலையில கல்லுக்கா பஞ்சம்?"

கைகள் உயர்ந்தன. மூன்றாவது பொருள் நிறைவேறியது. நான்காவது பொருள், திருவிழா இசைக்குழு எந்த ஊர் என்பது, சென்ற வருடக் குழுவே வரட்டும், ஆனால் அந்த டிரம்பெட்காரன் வேண்டாம் என்று நொடியில் முடிந்தது. காசில்தாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. ஐந்தாவது பொருள்!

எழுந்து நின்றாள். விரிசலைச் சொன்னாள். கார்களைச் சொன்னாள். விரிசலில் எவ்வளவு போகிறதென்று விரலைக் காட்டிச் சொன்னாள். சபை அமைதியாகக் கேட்டது. நியேவெஸ் எழுந்து, உண்மையான இரக்கத்தோடு, "பாவம்ங்க," என்றாள். "வார நாளெல்லாம் வேல பாத்துட்டு, இருக்கிற லீவுல ரெண்டு பேரும் கஷ்டப்படுறாங்க. ஒரு சங்கிலிதானே? காசில்தாவோட கலாதோவக் காப்பாத்துறது நம்ம எல்லாரோட கடமை."

ஏற்கெனவே பாதிக் கைகள் உயரத் தொடங்கியிருந்தன. காசில்தா நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அவள் உட்காரவில்லை.

"என்னோட என்ன?"

"கலாதோ."

"குவேவா," என்றாள் காசில்தா.

"சரி, அவங்கவங்க வழக்கம்..."

"வழக்கமில்ல நியேவெஸ். எங்கம்மா குவேவான்னா. அவ அம்மா குவேவான்னா. மண்ணத் தோண்டி உள்ள போனா குகை, குகைக்கு நம்ம பேச்சுல குவேவா. இதுல என்ன கலாதோ, என்ன காவா? இந்த ஊர்ல யாராவது சாயங்காலம் வீட்ல, 'கந்தியோதேராக்குப் போய்ட்டு வரேன்'னு சொல்லிட்டுப் போயிருக்கீங்களா? பொண்டாட்டி டாக்டரக் கூப்பிட்டிருப்பா!"

"காசில்தா, பொருளுக்கு வா," என்றார் தோன் லெயாந்த்ரோ.

"பொருளுக்குத்தான் வரேன். நியேவெஸ், உங்க கலாதோல என்ன இருக்கு? நடக்குற மெஷினு! ஊரச் சுத்தி இவ்வளவு காடு கிடக்கு, உள்ள போய் நின்ன எடத்துல நடக்குறீங்க. அபுந்தியோ அண்ணே, உங்க காவால? மெத்தை. நாலு மெத்தை, நாலுலயும் எலி. மேயரோட பொதேகால கிறிஸ்துமஸ் குடில் பொம்மை, அதுலயும் ஒரு ராஜாவுக்குத் தல இல்ல. தலைவரே, உங்க கந்தியோதேரா முழுக்க பழைய சட்டப் பத்திரிகை. இந்தக் குன்றுல ஒயின் இருக்கிற எடம் ஒண்ணே ஒண்ணு. அந்த ஒயின வச்சிருக்கிறவ சொல்றேன், எழுதிக்குங்க: குவேவா!"

கைதட்டல் சுவரின் காரையை உதிர்த்தது. மெத்தைக்காரரே எழுந்து நின்று தட்டினார். யாரோ "குவேவா வாழ்க!" என்றார்கள். ஐந்தாவது சொல்லாகக் குவேவாவையும் கல்லில் சேர்ப்பதென்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. இந்த ஊரில் அதற்கு முன் எதுவும் ஏகமனதாக முடிந்ததில்லை. பரவசத்தில் கூட்டம் கலைந்து மதுக்கடைக்கு நகர்ந்தது.

காசில்தா தொண்டை கட்டி, முகம் சிவந்து, இரண்டு மேசைகளின் பாராட்டை வாங்கிக்கொண்டு எலாதியோவின் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"எப்படி?" என்றாள்.

"நல்லாத்தான் பேசின," என்றான் எலாதியோ. "சங்கிலி என்னாச்சு?"

அவளுடைய வலது கால் மேசைக்கடியில் தரையை ஓங்கி மிதித்தது.

*

மறுநாள் காலை அவள் ஆட்டுப் பட்டிக்கே போய்த் திர்சோவைப் பிடித்தாள்.

"சங்கிலியா? இனிமே எதுக்குச் சங்கிலி?" என்றார் அவர், ஒரு கிடாவின் குளம்பைத் தூக்கிப் பார்த்தபடி. "நேத்து ராத்திரி கடையில பேசி முடிச்சுட்டோம். கல்ல உச்சியில வைக்கிறோம். காரு நிக்குற எடத்துலயே. கல்லு நின்னா காரு நிக்குமா? உன் பிரச்சினையும் தீந்துது, ஊருக்கும் அழகு."

காசில்தா ஒரு கணம் யோசித்தாள். சொல்வது சரிபோலத்தான் இருந்தது. பிறகு இரண்டாவது கணம் வந்தது.

"கல்லு எவ்வளவு பெருசு?"

"ஒத்தச் சொல்லுக்கு முழங்கால் உயரம். நாலு சொல்லுக்கு ஆள் உயரம். அப்புறம் நீ ஒண்ணு சேத்தியே..." அவர் கிடாவை விட்டுவிட்டுக் கையைத் தலைக்குமேல் உயர்த்திக் காட்டினார். "எழுத்தையும் தோன் லெயாந்த்ரோ பெருசாக்கிட்டாரு. கிரேன் வச்ச லாரி வருது."

"மேயரே, காரு சாயங்காலம் வந்து ராத்திரி போயிடும். கல்லு போகுமா? என் கூரைக்கு மேல கல்லு உக்காந்தா..."

"காருல அஞ்சு பேரு இருக்கான், பெட்டி இருக்கு, மாமியாரு இருக்கா. கல்லுல என்ன இருக்கு? வெறும் கல்லு."

"அடிவாரத்துல வைங்க. ரோட்டோரமா."

"அங்க வச்சா போட்டோல குப்பைத் தொட்டி விழுதாம். சொல்லியாச்சும்மா, எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சு. இன்னொரு கூட்டம் போட்டா எனக்கு நெஞ்சு வலி வந்துடும்."

அவள் தோன் லெயாந்த்ரோவின் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலறையில் கல்வெட்டு மாதிரியை மடியில் பரப்பி வைத்துக்கொண்டு, எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை அளந்துகொண்டிருந்தார். அவளுக்கு ஆச்சரியம் தரும் விதத்தில் பொறுமையாக முழுவதும் கேட்டார்.

"புரிகிறது," என்றார். "கல் சின்னதாக வேண்டும். அப்படியென்றால் சொற்கள் குறைய வேண்டும். எதை எடுக்கலாம்?"

"கந்தியோதேராவ எடுங்க."

"உலகத்தில் அதற்கு இருக்கிற ஒரே கல் இதுதான், காசில்தா. பொதேகாவை எடுத்தால் மேயர் கல்லையே திருப்பி அனுப்பிவிடுவார். கலாதோவை எடுத்தால் மருந்துக்கடை மூடிவிடும். காவாவை எடுத்தால் அபுந்தியோ உயிரை விட்டுவிடுவார், அவருக்கு ஏற்கெனவே அழுத்தம்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒன்று செய்யலாம். கடைசியாக வந்தது உன்னுடையது. நீயாக முன்வந்து உன் சொல்லை எடுத்துக்கொள். குவேவாக்காரியே விட்டுக்கொடுத்தாள் என்று நான் மற்ற மூன்று பேரிடமும் போய் நிற்கிறேன். வெட்கப்பட்டாவது இறங்கி வருவார்கள். நானும் இறங்குகிறேன். வெறும் குன்றின் படத்தைச் செதுக்கி, முழங்கால் உயரத்தில் நிறுத்திவிடலாம்."

இது நல்ல யோசனை. அதுவும் இந்த மனிதரிடமிருந்து வந்திருக்கிறது. காசில்தாவுக்கு அது தெரிந்தது. பீப்பாய்கள் கண்முன் வந்தன. கூடவே கைதட்டலும் காதில் வந்தது. மடியில் இருந்த மாதிரியில் கடைசி வரியாக, அழகான பெரிய எழுத்தில், குவேவா.

"என்னோடத ஏன் எடுக்கணும்?" என்றாள். "அது ஒண்ணுதானே நிஜமான பேரு."

தோன் லெயாந்த்ரோ கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "எல்லாரும் இதே வார்த்தையைத்தான் சொல்கிறீர்கள்," என்றார். "ஒரு எழுத்துகூட மாறவில்லை."

அதோடு அது முடிந்தது. அந்த வாரக் கடைசியில் அவளும் எலாதியோவும் பழைய திராட்சைச் செக்கின் உத்தரத்தை அறுத்து, விரிசலுக்கடியில் மூன்று இடத்தில் முட்டுக் கொடுத்தார்கள். எலாதியோ முட்டைத் தட்டிப் பார்த்தான். பீப்பாயைத் தட்டிப் பார்த்தான். விடு என்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

இடையில் திர்சோ ஒரு முறை வந்து, திறப்பு விழாவில் எல்லாருக்கும் ஒரு கோப்பை ஒயின் கொடுக்க வேண்டும், ஊரில் ஒயின் இருப்பது அவளிடம்தான் என்று தலையைச் சொறிந்தார். தராமல் என்ன? தருகிறேன் என்றாள். தன் சொல்லும் கல்லில் இருக்கிறதே.

*

புனித ரோக்கே திருவிழா நாள். முந்தின மாலையே கிரேன் வந்து கல்லை உச்சியில் நட்டுவிட்டது. சொற்களைத் தாங்கிக்கொண்டு அது ஆள் உயரத்தையும் தாண்டி நின்றது: மேலே கந்தியோதேரா, அடுத்துப் பொதேகா, கலாதோ, காவா, அடியில் குவேவா. இரவு முழுக்கக் காசில்தா தூங்கவில்லை. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தாள். முட்டுகள் நின்றன. விரிசல் அதே விரிசல். வெட்கப்படும்படியாக அவளுக்குச் சந்தோஷம் வந்தது. கல்லும் இருக்கலாம், கூரையும் இருக்கலாம் போலிருக்கிறது!

கல்லை மட்டும்தான் அவள் கணக்கில் வைத்திருந்தாள். நண்பகல் பூசை முடிந்ததும் ஊரே உச்சிக்கு ஏறியது. கோடைக்கு வந்தவர்கள் தங்கள் மாமியார்களோடு ஏறினார்கள். இசைக்குழு பெரிய முரசோடு ஏறியது. மதியச் சாப்பாட்டுக்கான இரும்பு அடுப்புகளும் விறகும் ஏறின. கிரேன் லாரி இன்னும் இறங்கவில்லை. ஓட்டுநரையும் சாப்பிட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள்.

காசில்தாவும் எலாதியோவும் கீழே, நிலவறைக்குள், கண்ணாடி ஜாடிகளோடு இருந்தார்கள். மேலிருந்து முரசு தும் தும் என்று மண் வழியாக இறங்கியது. எலாதியோ முதல் பீப்பாயின் குழாயைத் திறந்தான். ஒயின் ஜாடிக்குள் விழுந்தது. கூடவே ஏதோ பொடியாக விழுந்தது. காசில்தா அண்ணாந்து பார்த்தாள். நடு முட்டு, யாரோ தோளால் தள்ளுவதுபோல, மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது.

"எலாதியோ, வெளிய வா."

"இந்த ஒரு ஜாடி நிரம்பட்டும்."

"வா-ன்னா!"

"அட விடு, இன்னும் கொஞ்ச..."

"வண்டிய நிறுத்து!"

இருபத்தைந்து வருடமாக அரண்டாவின் நாற்சந்திகளில் மாணவர்களைக் கல்லாகச் சமையவைத்த குரல் அது. எலாதியோவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். அவன் கை தானாகக் குழாயை மூடியது; கால் தானாக நகர்ந்தது. அவனுடைய பெல்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவள் படிகளில் ஏறினாள். ஜாடி எங்கோ உடைந்தது. இருவரும் வெயிலில் வந்து புல்லில் விழுந்தார்கள்.

"இறங்குங்க!" என்று மேலே பார்த்துக் கத்தினாள். "எல்லாரும் இறங்குங்க!"

முரசுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்ட இரண்டு பேர், ஒயின் தயார் என்று சொல்கிறாள் என நினைத்து உற்சாகமாகக் கையசைத்தார்கள். தோன் லெயாந்த்ரோ, கல்லுக்கு முதுகைக் காட்டியபடி, ஒலிவாங்கியில் கந்தியோதேராவின் பிறப்பிலிருந்து தொடங்கியிருந்தார்.

முதலில் குவேவா போயிற்று.

கல்லின் அடி மண்ணுக்குள் இறங்கியது, அவசரமே இல்லாமல், வயதான ஒருவர் நாற்காலியில் அமர்வதைப்போல. யாரோ ஒரு பெண் அலறினாள். கூட்டம் வட்டமாகப் பின்வாங்கி, அடுத்த நொடி அந்த வட்டமும் உடைந்து, சரிவில் உருண்டும் ஓடியும் சிதறியது. டிரம்பெட்காரனை இந்த முறையும் கூட்டிவந்திருந்தார்கள் என்பது அவன் ஓடும்போது தெரிந்தது. காவா போயிற்று. கலாதோ போயிற்று. பொதேகா நெற்றிவரை மூழ்கியது. "...ஆகவே, நிலைத்து நிற்கும் சொல் எதுவென்றால்," என்று திரும்பிய தோன் லெயாந்த்ரோவை அபுந்தியோ சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். இருவரும் மேயர் மேல் விழுந்தார்கள். கந்தியோதேரா ஒரு கணம் மட்டும் புல்லோடு புல்லாகப் படிக்கும்படி நின்றது. பிறகு பூமிக்குள்ளிருந்து பீப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கும் சத்தம் வந்தது. நிலவறை வாசல் வழியாகப் புழுதி பீறிட்டு, வெளியே நின்ற இருவரையும் வெள்ளையடித்தது.

ஒருவருக்கும் அடியில்லை. எண்ணிப் பார்த்து, பாதிரியாரையும் எண்ணி, சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்கள். கிரேன் ஓட்டுநர் தன் லாரியை யாரும் சொல்லாமலே கீழே இறக்கிவிட்டார்.

காசில்தா மேலே ஏறிப் போய்ப் பார்த்தாள். உச்சியில் ஒரு வட்ட ஓட்டை. உள்ளே இருட்டு. அந்த இருட்டிலிருந்து, குளிர்ச்சியாக, இரண்டு அறுவடையின் மணம் எழுந்து வந்தது. அருமையான மணம். எல்லாரும் அதைக் குனிந்து முகர்ந்தார்கள். கடையில் வாங்கிக் குடிக்கிறவர்களுக்கே அது தெரிந்தது. எலாதியோ தொப்பியைக் கழற்றினான்.

"காசில்தா," என்றாள் நியேவெஸ், கண் கலங்கி. "உன்னோட அந்த..." சொல்லைத் தேடினாள். நின்றாள். "உன்னோட அந்த எடம்."

காசில்தா வாயைத் திறந்தாள். ஊரே அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தது. தோன் லெயாந்த்ரோ தலையைக் குனிந்துகொண்டார். அவள் தன் தலையிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை உதறினாள். அவ்வளவுதான். வாய் மூடிக்கொண்டது.

"அந்தச் சங்கிலிய," என்றார் திர்சோ மெதுவாக, "இப்போ வேணும்னா போட்டுடலாம். யாராவது உள்ள விழுந்துடக் கூடாதுல்ல."

அடுப்பில் திராட்சைக் குச்சி எரிந்து கங்காகியிருந்தது. விலா எலும்புகள் ஒரு பக்கம் வெந்துவிட்டன. திருப்பிப் போடாவிட்டால் கருகிவிடும். ஒருவர் திருப்பிப் போட்டார். அபுந்தியோ ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து காசில்தாவுக்குப் போட்டார். நியேவெஸ் ரொட்டியை வெட்டினாள். கோப்பைகள் மேசையில் வரிசையாகக் காலியாக நின்றன. எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மதுக்கடைக்கு ஆளனுப்பினார்கள்.

அன்று மதியம் கின்தானசேக்காவில் எல்லாரும் பீர் குடித்தார்கள்.